விரிசல் விட்ட கண்ணாடி: பணம் கொடுக்க வேண்டியவர் யார்?

மேல்மருவத்தூரைத் தாண்டி மதுராந்தகம் நோக்கி வந்துகொண்டிருந்தோம். வாடகைக் கார். பக்கத்துத் தடத்தில் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. மேலே போட்டிருந்த தார்ப்பாய் பின்பக்கம் அவிழ்ந்து காற்றில் படபடத்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து இடைவெளி விட்டார். ஆனாலும் அந்த லாரி திடீரெனத் தடம் மாறி எங்கள் முன்னால் வந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. செங்கல்பட்டு வருவதற்குள் அந்தப் புள்ளியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இறங்கிவிட்டது.

"லாரி நம்பரப் பாத்தியா தம்பி?" என்றேன்.

"எங்க சார், நம்பர் பிளேட்டெல்லாம் மண்ணு அப்பிக் கெடந்துச்சு." கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டியவர், "ஓனரு சம்பளத்துலதான் புடிப்பாரு சார். போன வருசம் சைடு மிரருக்கும் அப்படித்தான் புடிச்சாரு" என்றார்.

சொன்னபடியே நடந்தது. இரண்டு மாதச் சம்பளத்தில் பிரித்துப் பிடித்துக்கொண்டார்கள் என்று பிறகு போனில் சொன்னார்.

கல்லைச் சிந்தியது லாரி. அந்தச் சாலைக்குக் கட்டணம் வாங்கியது ஒரு நிறுவனம். காருக்குப் பிரீமியம் வாங்கியது ஒரு காப்பீட்டு நிறுவனம். காரில் வரும் லாபம் உரிமையாளருக்கு. இந்த நால்வரையும் தாண்டி, அந்தக் கல்லோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஐந்தாவது ஆளின் பையிலிருந்து பணம் போனது. இது எப்படி நடக்கிறது, சட்டப்படி சரியா, நியாயப்படி சரியா என்று ஒவ்வொருவராக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் கண்ணாடியையே பார்த்துவிட வேண்டும். பணம் யார் கொடுப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை விரிசலின் வடிவத்திலேயே இருக்கிறது. காரின் முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி இல்லை. இரண்டு தகடுகள், நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் ஏடு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 100-ஆவது விதி முன் கண்ணாடி இப்படி அடுக்குக் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. கல் பட்டால் வெளித்தகடு உடையும்; உள்தகடும் ஏடும் தாங்கிக்கொள்ளும். சில்லுகள் முகத்தில் தெறிக்காமல் இருப்பது இதனால்தான்.

கார் ஷெட்டில் அனுபவசாலி மெக்கானிக் ஒருவர் செய்வதைப் பாருங்கள். பால்பாயின்ட் பேனாவை எடுத்து, முனையை விரிசலின் மேல் வைத்து மெதுவாக இழுப்பார். ஓரிடத்தில் முனை 'டக்'கென்று சிக்கினால் அங்கே குழி இருக்கிறது; கல்தான் பட்டிருக்கிறது. குழியே இல்லாமல், கண்ணாடியின் ஓரத்திலிருந்து கிளம்பி வளைந்து ஓடும் விரிசலாக இருந்தால், அது அழுத்தத்தால் வந்தது. கண்ணாடியிலோ பொருத்திய விதத்திலோ குறை இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட விரிசலுக்கு வாரண்டி காலத்துக்குள் கார் நிறுவனத்திடமோ, முன்பு கண்ணாடி மாற்றிய கடையிடமோ போய் நிற்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கல் பட்ட விரிசலுக்கு எந்த நிறுவனமும் வாரண்டி தருவதில்லை. தர வேண்டும் என்று கேட்கவும் முடியாது. ஆகவே முதல் நாளே விரிசலைக் கிட்டத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். கோடு நீண்ட பிறகு அது எங்கிருந்து கிளம்பியது என்று வாதாடுவது கடினம்.

இனி லாரிக்காரர். நியாயத்தின் பார்வையில் முதல் பொறுப்பு இவருடையது. ஆனால் இங்கே இரண்டு கற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பாரத்திலிருந்து விழுந்த கல். பாடிக்கு மேலே கூம்பாக ஜல்லியைக் குவித்து, தார்ப்பாயை ஒழுங்காகக் கட்டாமல் கிளம்பியதன் விளைவு அது, அலட்சியம் வெளிப்படை. மற்றொன்று, சாலையில் ஏற்கனவே கிடந்து, பின்பக்க இரட்டை டயர்களின் இடுக்கில் மாட்டித் தெறித்த கல். அந்தக் கல்லை அவர் போடவில்லை, பார்த்திருக்கவும் முடியாது. முதல் வகைக்கு அவர் பணம் கொடுக்கத்தான் வேண்டும். இரண்டாம் வகைக்கு அவரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. 'முன்னால் போன லாரிதான் காரணம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை இந்த இடத்தில் ஏற்க முடியவில்லை.

முதல் வகைக் கல்லுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146, 147 பிரிவுகளின்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நாம் பேச்சுவழக்கில் தர்ட் பார்ட்டி என்று சொல்லும் அது, உயிருக்கும் உடலுக்கும் மட்டுமில்லை, பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்கும் பொருந்தும். லாரிகளின் வழக்கமான பாலிசியில் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை இடம் உண்டு. சேதமடைந்த சொத்தின் உரிமையாளர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் விரும்பினால் சிவில் நீதிமன்றத்துக்கும் போகலாம். அதிக பாரம் ஏற்றினால் 194-ஆவது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

இவ்வளவு இருந்தும் அந்த லாரியிடமிருந்து ஒரு ரூபாய்கூட வராதது ஏன்? சாட்சியம் இல்லை. மண் அப்பிய நம்பர் பிளேட், எண்பது கிலோமீட்டர் வேகம், பின்னாலேயே துரத்திப்போய் மறிப்பதில் உள்ள ஆபத்து. எண் கிடைத்தாலும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, வழக்கறிஞரைப் பிடித்து, வாய்தாவுக்கு நடந்து, விழுந்த கல் அந்த லாரியுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கண்ணாடிக்காக இத்தனை அலைச்சலையும் தாங்கக்கூடிய நடுத்தரக் குடும்பம் அரிது. உரிமை இருக்கிறது, அதை வசூலிக்க ஆகும் செலவு உரிமையைவிடப் பெரியது. டேஷ்கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த வழி ஓரளவு திறந்திருக்கிறது.

இரண்டாவது, சாலையை நடத்துபவர். சுங்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு சாலையைப் பராமரிக்கும் ஒருவருக்கு, தடத்தில் சிந்திக் கிடக்கும் ஜல்லியை அகற்றும் கடமை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198ஏ பிரிவு, சாலைப் பராமரிப்பில் தவறும் ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆனால் அதைக் கண்ணாடிக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. உயிரிழப்போ உடல் ஊனமோ நேர்ந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும்; அபராதமும் பாதிக்கப்பட்டவருக்கு நேரே போகாது, அரசு நிதிக்குப் போகும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? கட்டணம் செலுத்திய பயனாளி, சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஜல்லி சிந்திப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தால் பராமரிப்பாளரை எப்படிக் குற்றம் சொல்வது? காலையில் சிந்தியது மாலைவரை கிடந்தது என்றால் அவர் தப்ப முடியாது. ஆக, அது எவ்வளவு நேரம் கிடந்தது என்பதுதான் கேள்வி. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1033 என்ற உதவி எண் இருக்கிறது. சாலையில் ஜல்லி கிடப்பதைப் பார்த்தவுடன் அதற்குச் சொல்லிப் பதிவு செய்தால், அந்த நிமிடத்திலிருந்து 'எங்களுக்குத் தெரியாது' என்று அவர்கள் சொல்ல முடியாது. அடுத்து அடிபடும் காருக்கு அந்தப் பதிவு சாட்சியாகும். நம் கண்ணாடி உடைந்த பின் நமக்கு அதில் பயன் இல்லையென்றாலும் இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவதாகக் காப்பீட்டு நிறுவனம். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே, கிளெய்ம் போட்டுக்கலாம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை. இதைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். நன்மை போலத் தெரிவது இங்கேதான் மாறுகிறது.

நல்ல பக்கத்தை முதலில் சொல்கிறேன். கார் பழையதானால் பாகங்களின் மதிப்பில் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி போய்விடும். கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. எட்டு வருடக் காரானாலும் கண்ணாடியின் முழு விலையும் கணக்கில் வரும். சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கில்தான் பாதி பிடிப்பார்கள். ஆகவே கண்ணாடிக்காகவே, தேய்மானம் கழிக்காத 'பம்பர் டு பம்பர்' பாலிசி எடுக்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், அதில் கண்ணாடிக்கு என்ன கூடுதல் பலன் என்று கேளுங்கள். அநேகமாக எதுவும் இல்லை. நாம் கையிலிருந்து போட வேண்டிய கட்டாயத் தொகை, 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். இதுவரை நியாயமாகவே இருக்கிறது.

மறுபக்கம் நோ கிளெய்ம் போனஸ். ஓராண்டு கிளெய்ம் இல்லாமல் இருந்தால், சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்த ஆண்டுகளில் 25, 35, 45, கடைசியில் 50. ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் அது சுழியாகிவிடும். மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். கல் வந்து விழுந்ததும் கிளெய்ம்தான், நீங்களே போய் மோதியதும் கிளெய்ம்தான்.

இதன் விலை என்ன? தாளும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். 50 சதவீதத் தள்ளுபடியில் இருப்பவர் கிளெய்ம் போட்டால், அடுத்த ஐந்து புதுப்பிப்புகளில் அவருக்குக் கிடைப்பது 0, 20, 25, 35, 45. கிளெய்ம் போடாமல் இருந்தால் ஒவ்வொரு முறையும் 50. இழப்பு 50, 30, 25, 15, 5, கூட்டினால் 125. அதாவது தள்ளுபடிக்கு முந்திய ஓராண்டுப் பிரீமியத்தின் ஒண்ணேகால் மடங்கு. அந்தப் பிரீமியம் 8,000 ரூபாய் என்றால் இழப்பு 10,000. பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 11,800. கண்ணாடி மாற்ற 12,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் அதிகபட்சம் 11,000 தரும். தந்ததைவிட அதிகமாக ஐந்து வருடத்தில் உங்களிடமிருந்தே திரும்ப வாங்கிக்கொள்ளும். காரின் மதிப்போடு பிரீமியமும் ஆண்டுக்குப் பத்து சதவீதம் குறைவதாகக் கொண்டாலும் இழப்பு 10,500 ரூபாயை ஒட்டி நிற்கிறது. இதற்குப் பெயர் காப்பீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவணையில் திருப்பிக் கட்டும் கடன் இது.

இன்னொரு விஷயம் இதைவிட உறுத்துகிறது. இதே கணக்கைப் புதுக் காருக்கு, அதாவது தள்ளுபடியே இல்லாத முதல் ஆண்டில் இருப்பவருக்குப் போட்டால் இழப்பு பிரீமியத்தில் பாதிதான். 20 சதவீதப் படியில் இருப்பவருக்கு ஐந்தில் நான்கு பங்கு. உச்சத்தில் இருப்பவருக்கு ஒண்ணேகால் மடங்கு. அதே சாலை, அதே கல், அதே கண்ணாடி. ஆறேழு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவருக்குத்தான் அதிகச் சுமை. கவனமாக ஓட்டுவதற்குப் பரிசாகத் தொடங்கிய ஓர் ஏற்பாடு, எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் தவிர்க்க முடியாத ஒரு கல்லுக்கு அந்தக் கவனத்தையே பிணையாக எடுத்துக்கொள்கிறது.

இதனால் எல்லாக் கிளெய்மும் வீண் என்று சொல்லவில்லை. மழை உணர்வியும் கேமராவும் பொருத்திய புதுவகைக் கார்களின் கண்ணாடி பல மடங்கு விலை. மாற்றிய பின் கேமராவைத் திரும்பச் சரிபார்த்து அமைக்கும் செலவு வேறு. அங்கே கிளெய்ம்தான் புத்திசாலித்தனம். உச்சத் தள்ளுபடியில் இருப்பவர், வரி சேர்த்து, தள்ளுபடிக்கு முந்திய ஓராண்டுப் பிரீமியத்தின் ஒன்றரை மடங்கை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்; செலவு அதற்குக் கீழே என்றால் கைப்பணம், மேலே என்றால் கிளெய்ம். அந்த ஆண்டில் வேறு விபத்துக்கு ஏற்கனவே கிளெய்ம் போட்டிருந்தால் தள்ளுபடி எப்படியும் போயிற்று, கண்ணாடிக்கும் போட்டுவிடலாம். சர்வேயர் பார்ப்பதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள்.

வெளிநாடுகளில் இதை எப்படித் தீர்த்திருக்கிறார்கள்? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், முழுக் காப்பீடு உள்ளவரின் முன் கண்ணாடிக்குக் கட்டாயத் தொகை பிடிக்கக் கூடாது என்பது சட்டம். உரிமையாளருக்கு ஒரு காசும் செலவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணாடிக் கடைக்காரர்கள் பரிசுக் கூப்பன் கொடுத்து ஆள் பிடித்து, கிளெய்ம் உரிமையைத் தங்கள் பெயருக்கு எழுதி வாங்கி, காப்பீட்டு நிறுவனங்கள் மீது வழக்கு மேல் வழக்காகப் போட்டார்கள். 2023-இல் அந்த உரிமை மாற்றத்தையும் பரிசுகளையும் தடை செய்யத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. பிரிட்டனில் வேறு வழி. அங்கே பெரும்பாலான முழுப் பாலிசிகளில் கண்ணாடிக்குத் தனிப் பகுதி உண்டு. புள்ளியைச் சரிசெய்தால் கையிலிருந்து போட வேண்டியது குறைவு. மாற்றினால் கொஞ்சம் அதிகம். பொதுவாகத் தள்ளுபடியைத் தொடுவதில்லை. இரண்டையும் ஒப்பிட்டால் பிரிட்டன் வழிதான் மேல். உரிமையாளருக்கும் ஒரு சிறு பங்கு இருப்பதால் தேவையில்லாமல் மாற்றுவது குறைகிறது. அவருடைய நல்ல பெயரும் கெடுவதில்லை. நம் நாட்டிலும் சில நிறுவனங்கள் தனிக் கட்டணத்தில் போனஸ் பாதுகாப்பு தருகின்றன. ஆனால் அடிப்படைப் பாலிசியிலேயே இருக்க வேண்டியதைக் கூடுதல் விலைக்கு விற்பதாகவே அதைப் பார்க்கிறேன்.

நான்காவதாக உரிமையாளர். அவர் முழுக்க நிரபராதி இல்லை. மிளகளவுப் புள்ளியாக இருக்கும்போதே போனால், பிசின் செலுத்தி அரை மணியில் சரிசெய்து தருவார்கள். மாற்றும் செலவில் அது சிறு துளி. வெயிலில் கொதிக்கும் கண்ணாடிமேல் ஏசியின் குளிர் அடிக்க, பள்ளத்தில் வண்டி குலுங்க, புள்ளி கோடாகிறது. உள்தகடு தாங்குவதால் 'ஓடுகிறவரை ஓடட்டும்' என்று விட்டுவிடுகிறோம். ஆனால் விபத்து நேரத்தில் பயணிப் பக்கத்துக் காற்றுப்பை விரிந்து சாய்வது பல கார்களில் இந்தக் கண்ணாடியின் மேல்தான். வாகனத்தைச் சேதத்திலிருந்து காக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று வழக்கமான பாலிசியிலேயே நிபந்தனை இருக்கிறது. புள்ளி கோடானது அவருடைய தாமதத்தால் என்றால், அந்த வித்தியாசத்தை அவர் ஏற்பதே முறை.

கடைசியாக ஓட்டுநர். சம்பளத்தில் பிடித்தம் செய்வது முதலாளியின் இஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். 1936-ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம் சொன்னதைத்தான், அதை உள்வாங்கி வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் சொல்கிறது: ஒப்படைத்த பொருளின் சேதத்துக்குப் பிடிக்க வேண்டுமென்றால், தொழிலாளியின் அலட்சியமோ தவறோ அதற்கு நேரடிக் காரணமாக இருக்க வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். இடைவெளி விட்டு ஓட்டிய ஒருவர்மேல் தெறித்த கல்லில் அவருடைய தவறு எங்கே இருக்கிறது? லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டியிருந்தால் அது வேறு பேச்சு. அதையும் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும். 'உன் கையில் இருந்தபோது உடைந்தது, ஆகவே நீதான்' என்பது காரணமாகாது.

எல்லாவற்றையும் எடைபோட்டபின் என் முடிவு இது. பாரத்திலிருந்து விழுந்த கல் என்றால் லாரி உரிமையாளரும் அவருடைய காப்பீடும் கொடுக்க வேண்டும். வெகுநேரம் கிடந்த கல் என்றால் சாலையை நடத்துபவர். யாருடைய கல் என்று தெரியாதபோது, அதாவது பெரும்பாலான நேரங்களில், காரின் சொந்தக் காப்பீடு கொடுக்க வேண்டும். உரிமையாளர் கட்டாயத் தொகையை மட்டும் போட வேண்டும். அவருடைய தள்ளுபடியைத் தொடக் கூடாது. புள்ளியைச் சரிசெய்யும் செலவுக்குக் கட்டாயத் தொகையும் கூடாது. அப்போதுதான் புள்ளியிலேயே ஓடிவருவார்கள். இதைச் செய்யக்கூடிய அதிகாரம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் இருக்கிறது. சுங்கச்சாவடிக் கேமராக்களில் தார்ப்பாய் இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு லாரியும் எண்ணோடு பதிவாகிறது. பாதிக்கப்பட்டவர் நேரத்தைச் சொல்லிக் கேட்டால் அந்தப் பதிவைக் கொடுக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டால், லாரிக்காரர்களும் தார்ப்பாயைக் கட்டத் தொடங்குவார்கள்.

ஓட்டுநர் இந்த வரிசையில் எங்கும் இல்லை. அவர் தவறு நிரூபணமாகும்வரை இருக்கவும் கூடாது. வாடகைக் கார் வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடி உடைந்த வண்டி வந்து நிற்கும்போது, சம்பளக் கணக்கு நோட்டைத் திறப்பதற்கு முன் வண்டியின் பாலிசியைத் திறந்து பாருங்கள். அடுத்து ஒரு டேஷ்கேமரா வாங்கிப் பொருத்துங்கள். அந்தப் பையனிடம் பிடித்த தொகையை இந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்.